துணைக்குப் போனவர்

பிற்பகல் மூன்று இருபதுக்குத் தொலைபேசி வந்தது. நான் செயின்ட்-லோரன்ட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில், ஒரு மாத்திரை தண்ணீரில் எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னாரில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்த எனக்கு மொன்றியலில் கிடைத்த வேலை அது. மேற்பார்வையாளர் வந்து, போலந்திலிருந்து ஒரு பெண் கதைக்கிறாள் என்றார். மாத்திரை பாதி கரைந்திருந்தது.

"பதற வேண்டாம்" என்றாள் எவா. அதற்கு முன்பு நான் பதறவில்லை.

எவா மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் இருக்கும் போலந்துக்காரி. ஒவ்வொரு கோடையிலும் தன் சைக்கிள் கழகத்திலிருந்து ஒரு சிறு குழுவைத் தன் பெற்றோரின் ஊருக்கு அழைத்துப்போவாள். மேற்குப் போலந்து, ஜெர்மனி எல்லை, பைன் மரக் காடு, நடுவில் ஆறு. காட்டுப் பாதைகளில் ஒரு வாரம் சைக்கிள் ஓடுவார்கள். அந்த வருடம் ஒன்பது பேர் போயிருந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ஏழு பேர்தான் வந்து உட்கார்ந்தார்கள் என்றாள் எவா. வராத இருவரில் ஒருத்தி என் மகள் டிலானி. மற்றவர், அவளுக்குத் துணையாக நான் அனுப்பிய ஆள்.

அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பெயரை எழுதவில்லை. எழுதினால், "ஏன் சும்மா சத்தம்?" என்று கேட்பார். எதற்கும் அவர் கேட்பது அதுதான்.

கார்ட்டியர்வில்லில் எங்கள் வீட்டின் பேஸ்மென்டில் அவர் குடியிருந்தார். என் கணவருக்கு நாட்டில் இருந்தபோதே பழக்கம் என்று மட்டும் எனக்குத் தெரியும். நாங்கள் அண்ணை என்போம், டிலானி மாமா என்பாள். உயரமான மனிதர். தனி ஆள். சபனெல் வீதியில் ஒரு தையல் தொழிற்சாலையில் துணி வெட்டினார். நாங்கள் மேலே, அவர் கீழே. கீழே ஒருவர் இருக்கிறார் என்பதைக் குழம்பு வாசம் வந்தால்தான் அறிந்துகொள்ள முடியும். கதவு சாத்தும் சத்தமோ ரேடியோவோ கேட்காது. செருப்பில் நடந்தாலும் வெறுங்காலில் நடப்பது போலத்தான் இருக்கும்.

இப்படி ஒரு குடியிருப்பாளர் கிடைக்க ஊரில் உள்ளவர்கள் நேர்த்தி வைப்பார்கள். நானும் முதல் இரண்டு வருடம் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன். பிறகு ஒரு ஏப்ரலில் பனி உருகி, நிலத்தடியிலிருந்து பேஸ்மென்டுக்குள் தண்ணீர் வந்தது. நான் உடுப்புத் தோய்க்கக் கீழே இறங்கியபோது அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, சோறு வடிக்கும் சட்டியால் அள்ளி யன்னலுக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். கட்டில் கால்களுக்குக் கீழே கற்கள் வைத்து உயர்த்தியிருந்தார். எப்போதிருந்து அள்ளுகிறார் என்று கேட்டேன்.

"ராத்திரித் தொடங்கினது."

"அப்ப ஏன் எங்களைக் கூப்பிடேல்லை?"

"நீங்கள் ரீவி பாத்துக்கொண்டு இருந்தனீங்கள், தங்கச்சி."

சரக்கு லிஃப்டில் அகப்பட்டது இன்னொரு வருடம். அவர் வேலை செய்த கட்டிடத்தில் துணி உருளைகளை ஏற்றும் பழைய லிஃப்ட் ஒன்று இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் வீட்டுக்குப் போகும் நேரத்தில், அது இரண்டு மாடிகளுக்கு இடையில் நின்றுவிட்டது. உள்ளே அவர் மட்டும். சிவப்பு நிறத்தில் அபாய மணி இருந்தது. அதை அழுத்தினால் தெருவுக்கே கேட்கும். அவர் அழுத்தவில்லை. துணி உருளையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். சனி காலை கூட்டித் துடைக்க வந்த பெண் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று திறக்க ஆள் பிடித்தாள். கதவு திறந்ததும் அவர் "பொன்ஜூர்" என்று சொல்லிவிட்டுப் படியால் இறங்கி வந்தார். பயந்து கத்தியது அந்தப் பெண்தான்.

இந்தக் கதையை நாங்கள் விருந்துகளில் சொல்லிச் சிரித்தோம். அவரும் இருப்பார். எல்லோரும் சிரித்து முடியும் வரை தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஞாயிறு பூசைக்குக் கோயிலில் கடைசி வரிசையில் என் கணவரோடு நிற்பார். பாடல் வரும்போது அவருடைய உதடு சரியான சொல்லுக்குச் சரியாக அசையும். ஒருநாள் நான் பக்கத்தில் நிற்க நேர்ந்தது. காதைக் கிட்டக் கொண்டுபோனேன். காற்றுக்கூட வரவில்லை. நத்தார் பண்டிகைக் காலத்தில் கரோல் குழு வீடு வீடாகப் போகும்போது அவரையும் சேர்த்துக்கொள்வார்கள். உயரமானவர் என்பதால் நட்சத்திர விளக்கைத் தூக்குவார். கரோலில் மூன்று வருடம் இருந்தும் ஒரு பாட்டுப் பாடாத ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

சைக்கிளுக்கு அவரைக் கொண்டுவந்தது டிலானி. பதினாறாவது பிறந்தநாளுக்கு அவள் ஒரு மவுண்டன் பைக் கேட்டாள். வாங்கிக் கொடுத்தோம். "மாமா, ஒருக்கா ஓடிப் பாருங்கோ" என்று அவள்தான் கொடுத்தாள். அவர் ஆற்றங்கரைப் பக்கம் திரும்பிப் போனார். இருட்டிய பிறகுதான் வந்தார். அடுத்த நாள் அவளுக்கு அதே மாதிரி புதிதாக ஒன்று வாங்கி வந்து கொடுத்துவிட்டு, பழையதைத் தானே வைத்துக்கொண்டார். இதைப் பற்றி யாரும் எதுவும் கதைக்கவில்லை.

கைபிடியில் இருந்த மணியை அவர் முதல் வேலையாகக் கழற்றினார். அதையும் டிலானியிடமே கொடுத்துவிட்டார். அவளுடைய சைக்கிளில் இரண்டு மணிகள் இருந்தன. ஆற்றங்கரைப் பாதையில் யாராவது முன்னால் நடந்து போனால் அவர் என்ன செய்வார் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இரண்டு வயதான கியூபெக் பெண்கள் கையைக் கோர்த்தபடி பாதை முழுவதையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அண்ணை அவர்களுக்குப் பின்னால், அவர்கள் நடக்கும் வேகத்தில், விழாமல் சைக்கிள் ஓடிக்கொண்டு போனார். பாலம் வரை போனார். அங்கே ஒருத்தி தற்செயலாகத் திரும்பிப் பார்த்து, நெஞ்சில் கையை வைத்து, "மிஸ்யூ!" என்று அலறினாள்.

"இதுக்கு மணி அடிச்சிருக்கலாம் தானே, மாமா" என்றாள் டிலானி. "அந்த மனிசி செத்திருக்கும்."

"மணி அடிச்சாத் திடுக்கிடுவினம், பிள்ளை" என்றார் அவர்.

ஒரு குளிர்காலத்தில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அன்று எங்களோடுதான் சாப்பாடு. இடது கையால் சாப்பிட்டார். நான் கவனித்தேன், ஆனால் சிலர் அப்படியும் சாப்பிடுவார்கள் என்று விட்டுவிட்டேன். தட்டைக் கழுவி வைத்த பிறகு என் கணவரிடம், "தம்பி, நாளைக்கு நேரம் இருந்தா என்னை ஒருக்காக் கிளினிக்கிலை விடுவீரோ?" என்று கேட்டார். சட்டைக் கையைச் சுருட்டினார். மணிக்கட்டு பேக்கரிப் பணிஸ் மாதிரி ஊதியிருந்தது. இரண்டு எலும்பு முறிந்திருந்தது என்று பிறகு தெரிந்தது.

போலந்து போய் வந்த பிறகு எங்கள் வீட்டை விட்டுப் போனதும் அப்படித்தான். ஒரு காலை தபால்பெட்டிக்குள் பேஸ்மென்ட் பூட்டின் திறப்பு கிடந்தது. பேஸ்மென்ட் கூட்டித் துடைத்திருந்தது. எட்மன்டனில் வேலை என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

ஆனால் நான் போலந்து பற்றிச் சொல்ல வேண்டும்.

டிலானிக்குப் பதினெட்டு முடிந்திருந்தது, சிஜெப் கல்லூரியில் முதலாவது வருடம். சைக்கிள் கழகத்தில் சேர்ந்து எவாவோடு ஒட்டிக்கொண்டாள். ஒருநாள் நான் சமைக்கும்போது குசினிக்குள் வந்து, கோடையில் போலந்து போகப்போகிறேன் என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.

"அங்க மலை இருக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை. முழுக்கச் சமதரை."

"மலை இல்லாத இடத்துக்கு என்னத்துக்கு மலைச் சைக்கிள்?"

"மணல், அம்மா. காட்டுக்குள்ள எல்லாம் மணல் ரோட்டு. சும்மா சைக்கிள் புதைஞ்சு போகும்."

அன்று பின்னேரம் அவளுடைய பூகோளப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் முழுவதும் பச்சை. மலைக்கு உரிய மண்ணிறம் எங்கேயும் இல்லை. நீல நிறத்தில் ஒரு கோடு, அது ஆறு. மண்ணிறமே இல்லாத ஒரு நாட்டில் பிள்ளை விழுந்தாலும் அதிக தூரம் விழ முடியாது என்று நினைத்தேன். படித்த ஆள் நான். படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன்.

ஆனாலும் தனியாக விட முடியுமா? எங்கள் ஆட்களில் யாரும் விடமாட்டார்கள். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கே ஒரு சித்தியைச் சேர்த்து அனுப்பும் குடும்பங்கள் எங்கள் கோயில் பங்கில் இருக்கின்றன. எவா நல்லவள், ஆனால் அந்நியப் பெண். துணைக்கு ஓர் ஆள் வேண்டும். சைக்கிள் ஓடத் தெரிந்தவராக, அவசரப்படாதவராக, பிள்ளைக்குச் சொந்த மாமா மாதிரி இருக்க வேண்டும். அப்படி ஒருவர் எங்கள் வீட்டுக்குக் கீழேயே குடியிருந்தார்.

நான் கேட்கப் போனபோது அவர் கொல்லையில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, டிலானி சைக்கிள் ஓட வெளிநாடு போகப்போறாளாம். நீங்களும் போனா நான் விடுவன்."

"எங்கை?"

"போலந்து. ஜெர்மன் போடர் பக்கமாம்."

பம்ப் நின்றது. பிறகு மறுபடி அடித்தார். டயர் கல்லுப் போல ஆன பிறகும் அடித்தார். வெடித்துவிடும் என்று நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

"ஓம்" என்றார்.

"முன்னம் போயிருக்கிறீங்களோ?"

"ஒருக்கா."

சுற்றுலா போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதை என் கணவரிடம் சொன்னபோது, அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அவர் ஓம் எண்டவரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

விமான நிலையத்தில் இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் புத்தி சொன்னேன். அவரிடம், "அண்ணை, இவளைக் கண்ணிலை இருந்து விடாதேங்கோ" என்றேன். அவளிடம், "குழுவெல்லாம் எனக்குத் தெரியாது. மாமா போற பக்கம் போ. மாமாவை விட்டிட்டுப் போனா உனக்குத் தெரியும்" என்றேன். இருவரும் தலையாட்டினார்கள். இருவரும் சொன்னபடியே செய்தார்கள். நடந்ததெல்லாம் அதனால்தான்.

மூன்று இருபதுக்கு எவா சொன்னது இவ்வளவு. பின்னேரம் காட்டுக்குள் ஒரு முச்சந்தியில் குழு விடுதிப் பக்கம் திரும்பியது. கடைசியாக வந்த அண்ணை திரும்பவில்லை. ஆற்றுப் பக்கம் போகும் பாதையை ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு அதில் இறங்கிப் போய்விட்டார். டிலானி "மாமா!" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா என்னைக் கொல்லுவா" என்று எவாவுக்குச் சொல்லி, அவருக்குப் பின்னால் போனாள். அரை மணித்தியாலத்தில் வருவார்கள் என்று எவா நினைத்தாள். இப்போது அங்கே இருட்டு. டிலானியின் கைத்தொலைபேசி ஐரோப்பாவில் வேலை செய்யாது. அவரிடம் தொலைபேசியே இல்லை. எல்லைக் காவல்காரர் ஜீப்பில் தேடுகிறார்கள். கிராமத்துத் தீயணைப்புக்காரரும் போயிருக்கிறார்கள்.

"காடு மிகவும் பெரியது" என்றாள் எவா. "ஆனால் அவர்கள் ஒரு தரம் கூப்பிட்டால் போதும். சமதரை. சத்தம் நல்ல தூரம் போகும்."

நான் வீட்டுக்கு வந்தேன். என் கணவரும் வந்தார். ஓகஸ்ட் மாதம், நல்ல வெயில். பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டிக்கொண்டிருந்தான். அங்கே இரவு என்பதை நம்ப எனக்குக் கஷ்டமாக இருந்தது. குசினி மேசையில் தொலைபேசியை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். நான் செபமாலையை எடுத்தேன். மனம் நிற்கவில்லை. வெங்காயத்தை எடுத்து உரித்தேன். வீட்டில் இருந்த வெங்காயம் முழுவதையும் உரித்து முடித்தேன்.

"அண்ணை பக்கத்திலை இருக்கிறார்" என்றேன். "தனிய இல்லைத்தானே அவள்."

என் கணவர் தொலைபேசியைத் தூக்கி, சத்தம் கேட்கிறதா என்று பார்த்து வைத்தார்.

"என்னப்பா? ஏதும் சொல்லுங்கோவன்."

"அவர் கூப்பிடமாட்டார்" என்றார்.

புல் வெட்டும் இயந்திரம் நின்றது. சட்டியும் தண்ணீரும், லிஃப்டும், பணிஸ் மாதிரி ஊதிய கையும் வரிசையாக நினைவுக்கு வந்தன. விருந்தில் சொல்லிச் சிரித்த கதைகள். ஒருதரம் கூப்பிட்டால் போதும் என்ற இடத்துக்கு, உலகத்தில் எதற்கும் கூப்பிடாத ஒரு மனிதரோடு என் பிள்ளையை அனுப்பியிருந்தேன்.

"டிலானி கூப்பிடுவாள்" என்றேன். "அவளுக்கு வாய் இருக்கு."

"ஓம்" என்றார் அவர். அந்த ஓம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆறே முக்கால் அளவில் எவா மறுபடி எடுத்தாள். கண்டுபிடித்துவிட்டார்கள். டிலானிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. அவர்? அவரும் நலம். நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. என் கணவர் தொலைபேசியை என் கையிலிருந்து எடுத்து அவர் கதைத்தார். நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை, கண் மட்டும் எரிந்தது.

அடுத்த நாள் டிலானி ஆஸ்பத்திரியிலிருந்து கதைத்தாள். டெப்பனர் பெட்டிக்கடையில் வாங்கும் தொலைபேசி அட்டை ஒன்றை நான்தான் அவளுடைய பையில் வைத்திருந்தேன். மருந்தில் கொஞ்சம் தூக்கமாகக் கதைத்தாள்.

"மணலுக்குள்ள வேர் ஒண்டு கிடந்தது, அம்மா. காணேல்லை. டக்கெண்டு சத்தம் கேட்டது. சைக்கிள் எண்டு நினைச்சன், பாத்தா என்ர கால்."

"மாமா என்ன செய்தவர்?"

"தடி கட்டினவர். தன்ர சேர்ட்டைக் கிழிச்சு. தண்ணி தந்தவர். என்னைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பாத்தவர், நான் கத்தினன், விட்டிட்டார். பேந்து இருண்டு போச்சு."

"ஜீப் வரேல்லையோ?"

அவளுடைய கட்டில் கிரீச்சிட்டது.

"வந்தது. கிட்டத்தான் வந்தது. லைட் மரத்திலை எல்லாம் பட்டது. நான் கூப்பிட வாயைத் திறந்தன். மாமா என்ர வாயைப் பொத்திட்டார்."

"என்ன?"

"கையாலை. என்னையும் இழுத்துப் பள்ளத்துக்குள்ள படுத்திட்டார். சைக்கிளுக்கு மேலை இலையைத் தள்ளினவர். நான் பண்டி வருதாக்கும் எண்டு நினைச்சன். அங்க காட்டுப் பண்டி இருக்கு. ஜீப் போனாப் பிறகு, 'பண்டியோ மாமா' எண்டு கேட்டன். ஓம் எண்டார். பொக்கற்றுக்குள்ள கனேடியப் பாஸ்போர்ட்டை வச்சுக்கொண்டு ஏன் இவர்..."

"பேந்து? பேந்து எப்பிடிக் கண்டுபிடிச்சவங்கள்?"

அட்டையில் நிமிடம் முடிந்துவிட்டது. ஒரு பெண் குரல் பிரெஞ்சில் நன்றி சொன்னது.

நான் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். காலி வாழைப்பழப் பெட்டிகள் கேட்டேன். அள்ளிக்கொண்டு வந்து பேஸ்மென்ட் கதவடியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கினேன். வந்தவுடன் சாமானைக் கட்டட்டும். கால் முறிந்து கிடக்கும் பிள்ளையின் வாயைப் பொத்திய கைக்கு என் வீட்டில் இடமில்லை. சொல்ல வேண்டியவற்றை மனதில் ஒழுங்குபடுத்தி வைத்தேன். நான் முன்னாள் ஆசிரியை. நிற்க வைத்து ஏசினால் பெரிய பெடியன்களும் அழுவார்கள்.

வேலையால் வந்த என் கணவர் பெட்டிகளைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்றாமல் இருந்தார்.

"ஒராள் இருமினதாலை நான் பிடிபட்டனான் எண்டு சொல்லியிருக்கிறன் தானே?"

சொல்லியிருந்தார். ஜெர்மனிக்குக் களவாகப் போகும்போது எல்லையில் பிடிபட்டு ஒரு முகாமில் கிடந்தவர். எங்கள் கலியாணம் இரண்டு வருடம் தள்ளிப்போனது அதனால்தான். "ஒருத்தன் இருமிப்போட்டான்" என்பார். அதற்கு மேல் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"அந்தக் காடு தான்" என்றார். "அந்த ஆறு தான். இருபது பேர் வரையிலை நிண்டனாங்கள். அங்கால ஜெர்மன், லைட் தெரியுது. கூட்டிக்கொண்டு போன ஏஜென்சிக்காரன் மூச்சு விடக்கூடாது எண்டவன். எனக்குப் பின்னாலை நிண்டவர் இருமினவர்."

"அண்ணையோ?"

"ஓம்."

"எல்லாரையும் பிடிச்சாங்களோ?"

"எல்லாரையும். ரெண்டு பேரைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினவங்கள். அதிலை ஒராள் பிறகு உயிரோடை இல்லை."

நான் பெட்டிகளைப் பார்த்தேன்.

"அவர் எண்டு தெரிஞ்சே இஞ்ச கொண்டுவந்து வச்சனீங்கள்?"

"இருமல் வந்தா இருமத்தானே வேணும்" என்றார் என் கணவர்.

"அப்ப ஏன் திருப்பி அங்க போக விட்டனீங்கள்?"

"நீர் தானே அனுப்பினீர்."

"எனக்குத் தெரியுமோ?"

"அவர் ஓம் எண்டு சொன்னவர். நான் என்னெண்டு மறிக்கிறது?" மற்றச் சப்பாத்தையும் கழற்றினார்.

"அதுக்கு என்ர பிள்ளை என்ன பாவம் செய்தது?" என்று கேட்டேன்.

"ஒண்டும் செய்யேல்லை" என்றார். வாதாடவில்லை. பெட்டிகளையும் எடுக்கச் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை. அவை அங்கேயே இருந்தன. அவருடைய இருமலை என்னால் விளங்கிக்கொள்ள முடிந்தது. அந்தக் கையை முடியவில்லை. இரவில் படுக்கும்போது என் வாயில் யாரோ கையை வைத்திருப்பது போல இருந்தது. இன்றும் சில நாட்களில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குழு டொர்வல் விமான நிலையத்தில் வந்து இறங்கியது. சைக்கிள் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெயிலில் கறுத்த வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். எவா வந்தாள், என் தோளைத் தொட்டாள், ஏதோ சொல்ல வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். எல்லோரும் போன பிறகு கண்ணாடிக் கதவு மறுபடி திறந்தது. சக்கர நாற்காலியில் டிலானி. கால் தொடை வரை வெள்ளை மாவுக்கட்டு, அதில் யார் யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவர்.

நான் முதலில் பிள்ளையின் முகத்தைப் பிடித்துப் பார்த்தேன். தலை, கை, விரல்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். பிறகு நிமிர்ந்தேன். ஒழுங்குபடுத்தி வைத்த வசனங்கள் அப்படியே இருந்தன.

"சொல்லுங்கோ" என்றேன். "பிள்ளையைத் தந்து விட்டனான். என்ன சொல்லப்போறீங்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை.

"இப்பவும் வாயைத் திறக்கமாட்டீங்களோ? இதுக்கும் மாட்டீங்களோ?"

என் கணவர் என் முழங்கையைப் பிடித்தார். உதறினேன். சனம் திரும்பிப் பார்த்தது. அவர் மறுபடி வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. காகிதம் கிழிவது போல ஒரு காற்று மட்டும் வந்தது.

"அம்மா, நிப்பாட்டுங்கோ" என்றாள் டிலானி. "அவருக்குக் குரல் இல்லை. டொக்டரும் கதைக்க வேண்டாம் எண்டவர்."

"ஏன்?"

"ரெண்டாந்தரம் ஜீப் வந்தது. இந்த முறை தூரத்திலை. நான் குளிர்ந்து போய்க் கிடந்தன், எனக்குக் கூப்பிடக்கூட ஏலாது. மாமா எழும்பி ரோட்டுக்கு ஓடினவர். ரோட்டு நடுவிலை நிண்டு கத்தினவர்."

"என்னெண்டு?" என்று கேட்டார் என் கணவர்.

"'இஞ்ச இருக்கிறம், இஞ்ச இருக்கிறம்' எண்டு. தமிழிலை. ஜீப் வந்து பக்கத்திலை நிண்டிட்டுது, அப்பா. அவங்கள் இறங்கி, என்னைத் தூக்கி, அம்புலன்ஸிலை ஏத்தி, கதவையும் பூட்டிட்டாங்கள். அப்பவும் கேட்டுக்கொண்டு இருந்தது. மாமா நிப்பாட்டேல்லை."